‘பேசாதே’: ஸ்பானிஷில் எந்த வழி சுலபம்?

தமிழில் இது ஒரு வேலையே இல்லை. பேசு, பேசாதே, ஓடு, ஓடாதே. வாலில் ‘ஆதே’ ஒட்டினால் முடிந்தது. அதே நினைப்போடு ஸ்பானிஷுக்குப் போனால் சறுக்கும். ‘ஆப்லா’ என்றால் பேசு. முன்னால் ‘நோ’ போட்டு ‘நோ ஆப்லா’ என்றால், ‘அவன் பேசுவதில்லை’ என்றாகிவிடும். பேசாதே என்பதற்கு ‘நோ ஆப்லெஸ்’. நெருக்கமானவர்களிடம் பேசும் ‘தூ’ (நீ) வடிவத்தில் இந்தத் தொல்லை உண்டு. மரியாதையான ‘உஸ்தெத்’துக்கு ‘ஆப்லே’, ‘நோ ஆப்லே’. வினை மாறுவதே இல்லை.

இதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அகராதி வடிவத்திலிருந்து உயிரெழுத்தைத் திருப்பிப் போடுவது. ‘ஆர்’ என முடிந்தால் ‘எஸ்’. ‘எர்’, ‘இர்’ என முடிந்தால் ‘ஆஸ்’. ஆப்லார், நோ ஆப்லெஸ். கோமெர், நோ கோமாஸ் (சாப்பிடாதே). எஸ்க்ரிபிர், நோ எஸ்க்ரிபாஸ் (எழுதாதே). பத்து நிமிட வேலை.

இன்னொன்று, ‘நான்’ வடிவத்திலிருந்து தொடங்குவது. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். கடைசி ‘ஓ’வை வெட்டிவிட்டு அதே ‘எஸ்’ஸையோ ‘ஆஸ்’ஸையோ ஒட்டவேண்டும். ஒழுங்கான வினைகளில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். அப்புறம் எதற்குச் சுற்றுவழி? மூடுவதற்கான ‘செர்ரார்’ வரும்போது தெரியும். முதல் வழி ‘நோ செர்ரெஸ்’ என்று தவறாகத் தரும். ‘சியெர்ரோ’ (மூடுகிறேன்) தெரிந்தவர் ‘நோ சியெர்ரெஸ்’ என்று சரியாகச் சொல்வார். ‘தெங்கோ’விலிருந்து (என்னிடம் இருக்கிறது) ‘நோ தெங்காஸ் மியேதோ’, அதாவது பயப்படாதே, தானாக வந்து விழும். போவதற்கான ‘இர்’ மாதிரி சிலதை மட்டும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

‘தோகார்’ (தொடு) போன்றவை எழுத்தில் படுத்தும். ‘நோ தோகெஸ்’ என்று எழுதும்போது ‘சி’ போய் ‘க்யூ, யூ’ வரும். இல்லாவிட்டால் ‘க’ ஒலி ‘ச’ ஆகிவிடும். நம் எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கலே கண்ணில் படாது!

சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு, ‘நோ ஃபுமார்’ என்று அகராதி வடிவத்தையே போட்டுத் தப்பிப்பார்கள். சுவரில் மாட்டும் பலகைக்கு அது சரி. நண்பனிடம் சொன்னால் பலகையே பேசுவது போலிருக்கும். அவனுக்கு ‘நோ ஃபூமெஸ்’தான்.

‘அதை’ என்ற ‘லோ’ சேர்ந்தால் இன்னொரு திருப்பம். ‘கோமேலோ’, அதைச் சாப்பிடு. ‘நோ லோ கோமாஸ்’, அதைச் சாப்பிடாதே. வாலில் இருந்த ‘லோ’ முன்னால் வந்துவிடும். இந்த இடத்தில் மேலே சொன்ன இரண்டு வழியும் கை கொடுக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியதுதான்.