காசு கொடுத்து மீட்ட பாட்டுகள்: எய்மி மானின் ‘பெச்சலர் நம்பர் டூ’

தனியாக வெளியிட்ட அல்பம் என்றதும் படுக்கையறையில் ஒற்றைக் கிட்டாரோடு பதிந்த கரகரப்பான ஒலியை எதிர்பார்த்து, அமெரிக்கப் பாடகி எய்மி மானின் ‘பெச்சலர் நம்பர் டூ’வைக் கேட்கத் தொடங்குபவர் முதற் பாடலிலேயே திகைத்துப்போவார். மெதுவாக நடை போடும் ட்ரம்ஸும், அடுக்கடுக்கான கிட்டார்களும், இடையிடையே வந்து விலகும் விசைப்பலகைகளும், நடுவில் ஏறாமல் இறங்காமல் தெளிவாக ஒலிக்கும் ஒரு பெண் குரலுமாக, தேர்ந்த கைகளால் நிதானமாக இழைக்கப்பட்ட இசை இது. ஜோன் பிரையன் உட்படப் பல தயாரிப்பாளர்கள் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனத்துக்கென உருவாகி, அந்நிறுவனத்தின் தலைமை கைகழுவிய பின், பாடியவரே மீட்டெடுத்து 2000ஆம் ஆண்டு மே மாதம் கடைகளுக்குக் கொண்டுவந்த அல்பம் என்பதால் இதன் சுதந்திரம் ஒலியின் எளிமையில் இல்லை. பாடல்களின் பிடிவாதத்தில் இருக்கிறது.

எய்மி மான் அப்போது புதியவர் அல்லர். ‘டில் டியூஸ்டே’ குழுவின் பாடகியாக 1985இல் ‘வொய்ஸஸ் கரி’ பாடலால் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டவர். 1993இல் அவரது முதல் தனி அல்பத்தை வெளியிட்ட இமாகோ என்ற சிறு நிறுவனம் நொடித்துப்போனது. அடுத்த அல்பம் 1995இல் கெஃபன் நிறுவனத்தின் ஊடாக வந்தது. 1998இன் இறுதியில் கெஃபனின் உரிமையாளரான யுனிவர்சல், பொலிகிராம் என்ற இன்னொரு பெரிய இசை நிறுவனத்தை வாங்கியதைத் தொடர்ந்து கெஃபன், இன்டர்ஸ்கோப் என்ற நிறுவனத்தோடு சேர்க்கப்பட்டபோது, புதிய அல்பத்தில் வானொலிக்கு ஏற்ற ஒரு வெற்றிப் பாடல்கூட இல்லை என்று மேலிடம் முகம் சுளித்தது. மான் பதிவுகளை விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, ‘சுப்பர்ஈகோ’ என்ற தமது சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, முதலில் இணையத்தளத்தின் வழியாகவும் பின்னர் கடைகள் வழியாகவும் விற்றார். அவரது முகாமையாளர் மைக்கல் ஹவுஸ்மன், பழைய குழுவில் அவருக்கு ட்ரம்ஸ் வாசித்தவர்.

இந்தக் கதையை முன்கூட்டியே அறிந்தவருக்கு ‘நத்திங் இஸ் குட் எனஃப்’ என்ற இரண்டாம் பாடல் வேறு விதமாகக் கேட்கும். எதைக் கொடுத்தாலும் திருப்தியடையாத ஒருவரிடம் சலித்துப்போய்ப் பேசும் பெண்ணின் பாட்டு அது. காதலனிடம் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டால் ஒரு வரிகூட இடறாது. நிறுவனத்து அதிகாரியிடம் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டாலும் அப்படியே. கோபத்தைக் கோபமாகவே பாடியிருந்தால் அது ஒரு தொழிற்பிணக்கின் ஆவணமாகச் சுருங்கியிருக்கும். மான் குரலை உயர்த்துவதில்லை. மெட்டோ தாலாட்டுக்குரிய மென்மையோடு வளைந்து வளைந்து செல்ல, சொற்கள் அதன் அடியில் ஊசியாகக் குத்துகின்றன. முதற் பாடலான ‘ஹவ் ஆம் ஐ டிஃபரன்ட்’டும் இதே குணத்தது. முன்னர் வந்தவர்களைக் கைவிட்ட நீ என்னை மட்டும் எப்படி வேறாக நடத்துவாய் என்ற கேள்வியை அது கெஞ்சலாகக் கேட்பதில்லை, ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் சரத்துகளை வாசிப்பவளின் நிதானத்தோடு கேட்கிறது.

அல்பத்தின் உச்சம் என்று நான் கருதுவது ‘டெத்லி’. பழகத் தொடங்கிய கணத்திலேயே, இனிச் சந்திக்காமல் இருந்துவிடுவோமா என்று கேட்கும் ஒருத்தியின் பாட்டு. அன்பு கிடைத்துவிடும் என்ற அச்சத்தை இவ்வளவு நேராகச் சொன்ன பாடல்களைத் தமிழில் தேடிப் பார்த்தேன், எளிதில் அகப்படவில்லை. நமது திரைப்பாடல்களில் பெண் பயந்தாலும் சரணத்தின் முடிவுக்குள் இணங்கிவிடுவாள். இங்கே அவள் இணங்குவதில்லை. சொற்கள் தீர்ந்த பிறகு கிட்டார் தனியே நீண்டு எழுந்து, அவள் சொல்ல மறுத்ததையெல்லாம் சொல்லி முடிக்கிறது. போல் தோமஸ் அண்டர்சனின் ‘மக்னோலியா’ திரைப்படத்தில் ஒரு பாத்திரம் இப்பாடலின் தொடக்க வரியையே வசனமாகப் பேசும். 1999 டிசம்பரில் வெளிவந்த அந்தப் படமும், அதற்காக மான் பாடி ஓஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘சேவ் மீ’யும் அல்பத்துக்குக் கிடைத்த பெரும் விளம்பரம். விருது என்னவோ ‘டார்சான்’ படத்துக்காகப் பாடிய ஃபில் கொலின்ஸுக்குப் போயிற்று.

டானியல் க்ளோஸின் சித்திரக்கதையிலிருந்து பிறந்த ‘கோஸ்ட் வேர்ல்ட்’, பாடசாலை முடிந்து அடுத்தது என்னவென்று தெரியாத கோடை காலத்தைப் பற்றியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகப் பல மாதங்கள் கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதியை அளந்து திரிந்தவர்களுக்கு இந்த வெறுமையை விளக்க வேண்டியதில்லை. மறைந்த பாடகர் ஜெஃப் பக்லியை நினைந்து எழுதிய ‘ஜஸ்ட் லைக் எனிவன்’ இரண்டு நிமிடங்கூட நீடிப்பதில்லை. துக்கத்துக்கு அதற்கு மேல் இடம் கொடுத்திருந்தால் அது கெட்டிருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. 13 பாடல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடப்பதால், பிற்பாதியில் ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் காதில் கலந்துவிடுகின்றன. ‘சூசன்’ கொஞ்சம் துள்ளி வந்து காப்பாற்றுகிறது. ஆங்கிலேயப் பாடகர் எல்விஸ் கொஸ்டெலோவோடு சேர்ந்து எழுதிய ‘த ஃபோல் ஒஃப் த வேர்ல்ட்ஸ் ஓன் ஒப்டிமிஸ்ட்’ சாமர்த்தியமான பாடல்தான். ஆயினும் சொல் நெருக்கடியில் மெட்டு மூச்சுத் திணறுகிறது.

எழுதியவரே மெட்டமைத்துத் தாமே பாடும் வழக்கம் இலங்கைத் தமிழருக்குப் புதிதல்ல. ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் கொழும்பில் இருக்கிறது. ஆனால் இன்று இங்கே சொந்தப் பாடல்களைத் தாமே வெளியிட முனையும் இளைஞர்களிடம் இந்த அல்பத்தை வழிகாட்டியாக நீட்ட எனக்குத் தயக்கம் உண்டு. எய்மி மான் தனியே போனபோது அவருக்குப் பதினைந்தாண்டுப் பெயர் இருந்தது, பின்னால் ஒரு ஹொலிவூட் படம் இருந்தது, அஞ்சலிலும் இணையத்திலும் காசு அனுப்பக்கூடிய ரசிகர் கூட்டம் இருந்தது. பேபால் ஊடாக வெளிநாட்டுப் பணத்தைப் பெற வழியின்றி நெடுங்காலம் இருந்த நாட்டில், கணக்கு வேறு. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது விற்பனை முறையன்று. ‘வெற்றிப் பாடல் எங்கே’ என்று கேட்டவர்களுக்காக ஒரு மெட்டையும் அவர் சேர்க்கவில்லை என்பதே.

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த பின் இதைக் கேட்பது சிரமமில்லை. இசைத்தட்டுச் சேகரிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: 2020இல் வந்த இருபதாம் ஆண்டு இரட்டை இசைத்தட்டுப் பதிப்பில் ‘மக்னோலியா’வுக்கான பாடல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாடல்கள் தம்மளவில் அருமையானவை. எனினும் ‘யூ டூ’வில் தணிந்து முடியும் பழைய வரிசையே எனக்கு உவப்பானது. முதன்முறை கேட்பவர் அதையே தேடிப் பிடிப்பது நல்லது.