கச்சேரி பிடித்துத் தரும் விளம்பரச் சேவை: மூன்று மாத அனுபவம்

பாளையங்கோட்டையில் ஏழு பேர் கொண்ட மெல்லிசைக் குழு ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அம்மன் கோயில் கொடை எனும் ஊர்த் திருவிழா, திருமண வரவேற்பு, பூப்புச் சடங்கு வீடு ஆகியவற்றால்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. கடந்த மாசியில், இசைக் குழுக்களுக்கு விளம்பரம் செய்து கச்சேரி பிடித்துத் தருவதாகச் சொன்ன உள்ளூர் நிறுவனம் ஒன்றில் மூன்று மாதங்களுக்கு 18,000 ரூபாய் கட்டினேன். மூன்று நிமிட வீடியோ, முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்கள், கட்டண விளம்பரம், கூகுள் வரைபடத்தில் பதிவு ஆகியவை அதில் அடக்கம். அந்தப் பணத்தில் 8,000 ரூபாய் கட்டண விளம்பரத்துக்கே போய்விடும் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொன்னார்கள். அந்த நேர்மையைக் குறை சொல்ல முடியாது.

படப்பிடிப்புக்குச் சொன்ன நேரத்தில் வந்தார்கள். டிரோன் பறந்தது, புகை அடித்தார்கள், கீபோர்டுக்காரரின் விரல்களை அவ்வளவு நெருக்கத்தில் நானே பார்த்ததில்லை. ஆனால் முடித்துக் கொடுத்த வீடியோவில் எங்கள் பாடகர் வாயசைக்கிறாரே தவிர, கேட்பதெல்லாம் திரைப்பாடலின் அசல் ஒலிப்பதிவு. அன்று மாலையே யூடியூபில் இசை உரிமையாளரின் உரிமைக்கோரல் வந்து நின்றது. அது போகட்டும். வள்ளியூர்ப் பக்கமிருந்து கொடைக்குக் குழு தேடிய பெரியவர் ஒருவர் போனில் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "வீடியோ நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, பாடுறது யாருன்னுதான் தெரியல."

ஊர் கூடி வரி பிரித்து நடத்தும் கொடையில், ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்க ஊரே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிர்வாகிகள் ஒரு குழுவுக்கு அச்சாரம் கொடுப்பதற்கு முன், பக்கத்து ஊர்க் கொடையில் அந்தக் குழு எப்படிப் பாடியது, சொன்ன நேரத்துக்கு வந்ததா, கடைசிப் பாட்டு வரை கூட்டம் கலையாமல் இருந்ததா என்று விசாரிப்பார்கள். இவற்றில் எதற்கும் டிரோன் காட்சி பதில் சொல்லாது.

இதைவிடப் பெரிய பிழை விளம்பர வாசகத்தில் இருந்தது. 'விடிய விடிய இன்னிசை மழை' என்று எங்கள் பெயரில் போட்டுவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கட்டுப்பாடு உண்டு. சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் பத்து மணிக்கு மைக்கை அணைத்துத்தான் ஆகவேண்டும். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மேடையேறும் எங்களை, நிறைவேற்ற முடியாத வாக்குறுதியோடு ஊரார் முன் நிறுத்துவதாக அது அமைந்தது. சொன்ன அன்றே மாற்றினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

முதல் மாதம் விளம்பரம் தமிழ்நாடு முழுவதற்கும் ஓடியது. கோவையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் அழைப்புகள் வந்தன. வேன் வாடகையைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். பாளையங்கோட்டையை மையமாக வைத்து 60 கிலோமீட்டர் தூரத்துக்குள் சுருக்கச் சொன்ன பிறகுதான் தென்காசி, அம்பாசமுத்திரம், திருச்செந்தூர்ப் பக்கங்களிலிருந்து உருப்படியான விசாரணைகள் வந்தன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அந்த விளம்பர முறையிலேயே இருக்கும்போது, முதல் நாளே எங்களிடம் கேட்டிருக்க வேண்டாமா?

மூன்று மாதங்களில் 41 அழைப்புகள் வந்தன; அவற்றில் மூன்று கச்சேரிகள் அமைந்தன. இரண்டு, திருமண வரவேற்புகள். மண்டபம், சமையல், அலங்காரம் என எல்லாவற்றையும் போனிலேயே தேடும் வீட்டார் அவர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, நேரில் வராமலே 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார்கள். வரவேற்புக் கச்சேரிகளை நம்பியிருக்கும் குழுவுக்கு இந்தச் சேவையை நான் தயங்காமல் சொல்வேன். மூன்றாவது, ஒரு சித்திரைக் கொடை. அது, எங்கள் ரிதம் பேட் கலைஞரின் தம்பி கூட்டத்தின் நடுவே நின்று போனில் பிடித்த, கைதட்டலும் குழந்தை அழுகையும் கலந்த ஆறு நிமிடப் பதிவை வெட்டாமல் போட்டதால் கிடைத்தது. கொடைக்கு விளம்பரம் செய்ய நினைப்பவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். கொடையின் தொடக்கமாகக் கால் நடும் கால்நாட்டுச் சடங்குக்கு முன்பே வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், ஒலி-ஒளி எல்லாம் பேசி முடிக்கப்பட்டிருக்கும்.

ஒரு மனக்குறை மிச்சமிருக்கிறது. எங்கள் பக்கத்தை அவர்கள் தங்கள் கணக்கிலேயே தொடங்கியிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அதன் நிர்வாக உரிமையை வாங்க இருபது நாள் அலைந்தேன். பணம் கட்டும் முன்பே பக்கத்தை உங்கள் எண்ணில் தொடங்கச் சொல்லுங்கள்.

வரும் தை முகூர்த்தங்களுக்குக் கட்டண விளம்பரத்தை மட்டும் அவர்களிடமே மீண்டும் கொடுத்திருக்கிறேன். வீடியோவுக்கு அந்தத் தம்பியின் போன் போதும்.