குட் யூ சென்ட் மீ த ஃபைலா, சென்ட் த ஃபைல் டு மீயா?

ஆபீஸ் மெயில் எழுதுறப்போ நிறைய பேர் இந்த ரெண்டுக்கும் நடுவுல திணறுறாங்க. ரெண்டுமே கரெக்ட்தாங்க. குட், கேன், வில், ஷுட்னு எந்த மோடல் (துணை வெர்ப்) வந்தாலும் அடுத்து வர்ற வெர்ப் எஸ், இடி, ஐஎன்ஜி எதுவும் ஒட்டாம மொட்டையா நிக்கும், ஆப்ஜெக்ட் வரிசையும் மாறாது, கேள்வியாக்கினா மோடல் மட்டும் முன்னாடி போகும், அவ்வளவுதான்.

நீளம்: முதல் வகை சின்னது, பேச்சுல சட்டுனு வரும். ரெண்டாவதுல ஒரு டு கூடுது.

அழுத்தம்: "ஐ வில் கிவ் ரவி த கீ"ன்னா கவனம் சாவி மேல. "ஐ வில் கிவ் த கீ டு ரவி"ன்னா ரவி மேல.

பொருளை இட்னு சொன்னா: "கேன் யூ கிவ் இட் டு மீ"தான் நல்லது. "கிவ் மீ இட்" பிரிட்டன்ல பேச்சுல உண்டு, மெயில்ல வேண்டாம்.

எந்த வெர்ப்: இதைத்தான் முக்கியமா பார்க்கணும், ஏன்னா எல்லா வெர்ப்பும் ரெண்டு வகைக்கும் வராது. எக்ஸ்ப்ளெயின், சஜஸ்ட், சே மூணுக்கும் டு வகை மட்டும்தான். "கேன் யூ எக்ஸ்ப்ளெயின் மீ த ப்ராப்ளம்"னு நம்ம பக்கம் ரொம்ப சகஜமா எழுதுறாங்க, அது தப்பு, "எக்ஸ்ப்ளெயின் த ப்ராப்ளம் டு மீ"ன்னு வரணும். பை, மேக் மாதிரி வெர்ப்புக்கு டு இல்ல, ஃபார்: "ஐ கேன் மேக் டீ ஃபார் யூ".

கிவ், சென்ட், ஷோவோட சின்னதா கேக்குறதுக்கு முதல் வகை. வாங்குற ஆளோட விவரம் நீளமா இருந்தா, இல்ல வெர்ப் மேலயே சந்தேகம்னா, டு வகைக்கே போங்க (பை, மேக் மாதிரின்னா ஃபார்).