பதினாறு பேருக்கு ஒரு நிலவறை: பொதுக் கணினியில் நெட்ஹாக்கை எங்கே நிறுவுவது?

கல்லடியில் ஒரு சிறிய கணினி அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய வசதி ஒன்றும் இல்லை. ஒரு பழைய மேசைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. மற்றவை எல்லாம் வயதுபோன மடிக்கணினிகள்; எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக அந்த ஒன்றுக்குள் நுழைவது மட்டும்தான் அவற்றின் வேலை. உயர்தரத்தில் ஐசிடி எடுத்த பிள்ளைகள் பதினாறு பேர். ஆளுக்கொரு கணக்கு, கோப்புகளை வைக்க ஆளுக்கொரு ஹோம் அடைவு.

கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு அந்தப் பயம் தெளிய நெட்ஹாக்கைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. 1987 இல் வந்த விளையாட்டு. அதற்கு முன்னோடி 1980 வாக்கில் பிறந்த ரோக். படம் கிடையாது, சத்தம் கிடையாது. எழுத்துகளால் வரைந்த நிலவறைக்குள் ஒரு @ குறி நடக்கும், அதுதான் நீங்கள். செத்தால் செத்ததுதான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. எச், ஜே, கே, எல் விசைகளில் நடக்கப் பழகிய பிள்ளைக்கு அதே விசைகளில் நகர்கிற விஐ என்ற உரைத் தொகுப்பான் பாதி கைவந்த மாதிரி.

பலர் பகிர்கிற கணினியில் இதை எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி. மூன்று வழிகள் உண்டு: அவரவர் ஹோம் அடைவில் தனித்தனியாக, எல்லாருக்கும் பொதுவாகக் கேம்ஸ் என்ற குழுவின் பேரில், அல்லது டிஜிகேம்லாஞ்ச் என்ற வாசல்காவலனை வைத்து அடைத்த அறைக்குள். மூன்றையும் நான் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். என் வாக்கு இரண்டாவதுக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் வழி மிகச் சுலபம். 3.6 வரிசையின் மூலநிரலை இறக்கி, லினக்ஸுக்கான ஹின்ட்ஸ் கோப்பைக் (எங்கே, எப்படி நிறுவுவது என்ற குறிப்புகள்) கொடுத்து செட்டப் என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால், அது தானாகவே உங்கள் ஹோம் அடைவுக்குள் என்எச் என்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளும். ரூட், அதாவது நிர்வாகி உரிமை தேவையில்லை. நிரலைக் கட்டும் கருவிகளான ஜிசிசி, மேக், பைசன், ஃப்ளெக்ஸ், திரையில் எழுத்து வரையும் நூலகமான என்கர்சஸ் இருந்தால் போதும். பல்கலைக்கழக சேர்வரில் வெறும் கணக்கு மட்டும் வைத்திருக்கிறவருக்கு இதுதான் வழி, வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் ஒரு வகுப்பில் இது விளையாட்டின் பாதியைத் தின்றுவிடுகிறது. புள்ளிப் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தக் கோப்பும் உங்களுடையதே என்பதால் திறந்து திருத்தலாம். சேமித்த ஆட்டத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, செத்தபிறகு பழையதைப் போட்டு மீண்டும் உயிர்க்கலாம். எங்கள் அறையில் முதல் மாதம் இப்படித்தான் போனது. பதினாறு பேரும் பதினாறு கிணற்றுக்குள் தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வழிக்கு வருவோம். நெட்ஹாக்கின் வேர் பொதுக் கணினிகளில்தான் இருக்கிறது. ரோக் 1983 இல் 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனது. ஒரே கணினியில் பலர் விளையாடி ஒரே பட்டியலில் பெயர் பதித்தார்கள். அந்தப் பட்டியலை எல்லாரும் விளையாட்டின் வழியாக எழுத வேண்டும், ஆனால் யாரும் கையால் எழுதக்கூடாது. செட்ஜிட் என்ற அனுமதி இதைத்தான் செய்கிறது. நிரல் ஓடும்போது மட்டும் கேம்ஸ் குழுவின் உரிமை கிடைக்கிறது. நிரலை விட்டு வெளியே வந்தால் அந்த உரிமையும் போய்விடும். நிரலுக்கு உரிமையாளர் ரூட், குழு கேம்ஸ், அனுமதி எண் 2755. பிள்ளைகளைக் கேம்ஸ் குழுவில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பையும் அதிலேயே தொங்கவிட்ட மாதிரி.

மூலநிரலோடு வருகிற யுனிக்ஸ் ஹின்ட்ஸ் கோப்பில் 04755 என்று இருக்கும். அது செட்யூஐடி: குழுவின் உரிமைக்குப் பதில் நிரலின் உரிமையாளரின் உரிமையைக் கொடுப்பது. இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட வேண்டாம். செட்யூஐடியில் நிரல் கேம்ஸ் என்ற பாவனையாளருக்குச் சொந்தம். விளையாட்டில் ஓர் ஓட்டை கிடைத்தால் அதைப் பயன்படுத்துகிறவர் நிரலையே மாற்றி எழுதிவிடலாம். அடுத்துத் திறக்கிற பிள்ளை அதில் மாட்டும். செட்ஜிட்டில் நிரல் ரூட்டுக்குச் சொந்தம் என்பதால் போனால் புள்ளிப் பட்டியல் மட்டும்தான் போகும். இது வெறும் பயம் அல்ல. 3.6.4 க்கு முந்திய 3.6 பதிப்புகளில், அமைப்புக் கோப்பில் மிக நீண்ட வரி இருந்தால் நினைவகம் வழிந்துவிடும் ஓட்டை இருந்தது. செட்யூஐடி, செட்ஜிட் முறையில் நிறுவிய கணினிகளையும், பாவனையாளர் தன் அமைப்புக் கோப்பைத் தானே ஏற்றக்கூடிய பொதுக் கணினிகளையும்தான் அது குறிப்பாகப் பாதித்தது. 2019 டிசம்பரில் வந்த 3.6.4 இல் சரிசெய்தார்கள். பொதுக் கணினியில் வைத்திருப்பவர் பழைய பதிப்போடு இருக்கவே கூடாது.

டெபியன் பொதியை ஆப்ட் என்ற நிறுவு கருவி மூலம் இறக்கினால் இந்தக் குழு வேலை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், ஐந்து நிமிட வேலை. புதிதாகத் தொடங்குகிறவர் அதையே செய்யட்டும். நான் மூலநிரலிலிருந்து கட்டினேன், நிரலைக் கட்டும் படிகள் எழுதிய மேக்ஃபைலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக. அதில் ஒரு அடி வாங்கினேன். புதிய பதிப்பு வந்ததும் பழக்கதோஷத்தில் மேக் இன்ஸ்டால் என்று அடித்துவிட்டேன். அது பழைய அடைவை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக வைக்கும். மூன்று மாதப் பட்டியல், சேமித்த ஆட்டங்கள், எல்லாம் ஒரு நொடியில் போயின. அடித்திருக்க வேண்டியது மேக் அப்டேட். அடுத்த நாள் காலை பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் அந்த அடைவு ஒரு யூஎஸ்பிக்குப் பிரதியாகிறது.

அப்புறம் விளையாட்டின் பொது விதிகளை வைத்திருக்கும் சிஸ்கான்ஃப் கோப்பு. சில வரிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முடிவு. விஸார்ட்ஸ் வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் எதையும் வரவழைத்துச் சோதிக்கும் முறையில் விளையாடலாம். அதில் என் கணக்கு மட்டும். ஷெல்லர்ஸ் வரியில் இருப்பவர் ஆட்டத்தின் நடுவே ஷெல்லுக்கு, அதாவது கட்டளைத் திரைக்குத் தாவலாம். எங்களிடம் அது வெறுமை. பெர்ஸ்மாக்ஸ் ஒருவருக்குப் பட்டியலில் எத்தனை இடம் என்று வரையறுக்கும். பெர்ஸ் ஈஸ் யூஐடி என்பதை 1 ஆக வைத்தால் பெயரால் அல்ல, கணக்கால் எண்ணும். ஒரு பையன் ஐந்து பெயரில் விளையாடிப் பட்டியலை நிரப்பிய பிறகுதான் இந்த வரியின் அருமை எனக்கு விளங்கியது.

மாக்ஸ்பிளேயர்ஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதற்கான எல்லை அது. கோப்போடு 10 என்று வரும். எங்களிடம் பதினாறு பேர், ஆகவே கூட்டினேன். இந்த எண் இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் ஏலாக், பிலாக் என்று வரிசையாக ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகை மார்கழியில் மழை அடித்து ஊற்றும்போது கரண்ட் போவது எங்களுக்குப் புதிதல்ல. யூபிஎஸ் பற்றரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. ஒரு மாலை ஏழு பேர் விளையாடிக்கொண்டிருக்கையில் எல்லாம் அணைந்தது. கரண்ட் வந்ததும் பார்த்தால் ஏழு பூட்டுகளும் அப்படியே கிடக்கின்றன, எட்டாவது ஆளாக வருகிறவருக்கு இடம் குறைகிறது. கை வைத்து அழிக்கக்கூடாது. அந்தப் பூட்டுக் கோப்புகளுக்குள்தான் பிள்ளைகளின் ஆட்டம் இருக்கிறது. ரிகவர் என்ற சிறிய நிரலை அந்த அடைவில் ஏலாக் என்று கொடுத்து ஓட்டினால், கடைசியாகப் படி இறங்கிய அல்லது ஏறிய நேரத்து நிலையில் ஒரு சேமிப்புக் கோப்பைக் கட்டித்தரும். ஏழையும் ஒவ்வொன்றாக மீட்டேன். பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பின்னால் நின்று பார்த்தார்கள். கோப்பு, பூட்டு, உரிமை என்ற மூன்றையும் நான் பலகையில் எழுதிக் கற்பித்ததைவிட அன்று இரவு நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

பொதுவாக நிறுவுவதன் முழு ருசி எலும்புக் கோப்புகளில்தான். ஒருவர் நிலவறையின் ஆழத்தில் செத்தால், சில வேளை அந்தத் தளம் அப்படியே கோப்பாகச் சேமிக்கப்படும். பிறகு இன்னொருவர் அதே ஆழத்துக்கு வரும்போது அந்தத் தளம் அவருக்கு வரலாம்: செத்தவரின் பொருட்கள், அவரின் பேய், அவரைக் கொன்ற மிருகம், எல்லாம் அங்கே காத்திருக்கும். பொருட்களில் பெரும்பாலானவை சபிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை வந்ததும் கோப்பு மறைந்துவிடும். தனித்தனி ஹோம் அடைவில் உங்கள் பேயை நீங்களே பார்ப்பீர்கள். பொது அடைவில் பக்கத்து மேசைக்காரரின் பேயைப் பார்ப்பீர்கள். ஒரு நாள் முன்வரிசைத் தங்கச்சி கத்தினாள், “சேர், இது பின்வரிசை அண்ணாட பேய்! போன கிழமை செத்தவர்!” அவன் எழுந்து ஓடிவந்தான், “என்ட வாள் கிடக்கா பாருங்க, எடுக்காதீங்க, அது சாபம்!” என்று. அந்தக் கூச்சலுக்காகவே நான் செட்ஜிட்டின் தலைவலியைச் சுமப்பேன்.

மூன்றாவது வழியான டிஜிகேம்லாஞ்ச், நெட்ஹாக்கின் பெயர்பெற்ற பொதுச் சேர்வர்கள் ஓடுகிற முறை. ஒரே ஒரு எஸ்எஸ்எச் கணக்கு. அதற்கு ஷெல்லாக இந்த நிரல். நுழைகிறவர் ஒரு பட்டியலைக் காண்பார், அங்கேயே பெயர் பதிவார், விளையாடுவார், மற்றவர் விளையாடுவதை நேரடியாகப் பார்ப்பார். கணினிக்குள் வேறெங்கும் போக முடியாது. சிஎச்ரூட் என்ற அடைத்த அறைக்குள்தான் எல்லாம். வெளியாட்களைக் கணக்குத் திறக்காமல் உள்ளே விடுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. விடுமுறையில் கல்முனையிலும் காத்தான்குடியிலும் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் வருகிற பிள்ளைகளுக்கு இது அருமை. மற்றவர் ஆட்டத்தைப் பார்த்துப் படிப்பதும் சும்மா விஷயம் இல்லை.

அதை எழுப்புவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். அடைத்த அறைக்குள் தேவையான நூலகக் கோப்புகள், டேர்மின்ஃபோ என்ற திரைவகைத் தரவு, சாதனக் கோப்புகள் எல்லாவற்றையும் பிரதி செய்ய வேண்டும். கூட வருகிற ஒரு ஸ்கிரிப்ட் உதவும், முழுதாக அல்ல. டேர்மின்ஃபோவை மறந்தால் விளையாட்டு தொடங்கியதும் செத்துவிடும், காரணம் சொல்லாது. இங்கே எல்லாரும் இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரே பாவனையாளர் என்பதால், பெர்ஸ் ஈஸ் யூஐடியை 0 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் எல்லாரையும் ஒருவர் என்று எண்ணும். என் தயக்கமும் இங்கேதான். கணக்கு வேறு, குழு வேறு, உரிமை வேறு என்று கற்பிக்க நான் இந்த விளையாட்டை வைத்தேன். இந்த வழியில் அந்த வேறுபாடே மறைந்துவிடுகிறது.

இதே வகை விளையாட்டான ஆங்பான்டை வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல விளையாட்டு, கட்டும்போதே செட்ஜிட் விருப்பம் உண்டு. ஆனால் இன்றைய பதிப்புகளில் எலும்புக் கோப்பு இல்லை, ஆகவே பொதுவாக வைப்பதில் புள்ளிப் பட்டியலைத் தவிரப் பெரிய லாபம் இல்லை.

சரி, உங்கள் கணினியில் ரூட் இல்லையா, ஹோம் அடைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்களா, ஒரு ஞாயிற்றுக்கிழமையை டிஜிகேம்லாஞ்சுக்குக் கொடுங்கள். ஓர் அறையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் என்றால் கேம்ஸ் குழுவில் வையுங்கள். எங்கள் கணினியில் இப்போது ஐந்தாம் தளத்துக்கு ஓர் எலும்புக் கோப்பு கிடக்கிறது. யாருடையது என்று எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. நாளைக்கு நாலு மணிக்கு வகுப்பு.