சுக்கான் கட்ஜன் மாட்டுவதில் ஏமாந்த கதை: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சின்னப் பாய்மரப் படகின் சுக்கான் பிட்டிங்குகளைக் கழற்றி மாட்ட வெளியே கொடுப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

படகு என்டர்பிரைஸ் வகை. 13 அடி 3 அங்குலம், ஃபைபர் உடல், பின்பலகைக்குள் பிளைவுட். பின்பலகையில் இருக்கும் இரண்டு கட்ஜன்களையும் (சுக்கானின் பின்டில் ஊசி இறங்கும் துளைத் தகடுகள்) கழற்றி, துளைகளைச் சரிசெய்து, புது போல்ட் போட்டுத் தண்ணீர் புகாமல் மாட்டித் தர ஒரு பட்டறையில் சொன்னோம். "316 போல்ட், மரைன் சீலன்ட்" (துருவைத் தாங்கும் எஸ்.எஸ். போல்ட், தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) என்று பில் போட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். நான்காவது முறை கடலில் இறக்கியபோது கீழ்க் கட்ஜன் ஆடியது. பிரித்துப் பார்த்தால், பில்லில் எழுதிய எதுவும் படகில் இல்லை.

கீழ்க் கட்ஜனுக்கு நான்கு எம்6 (6 மி.மீ. கனம்) போல்ட் வேண்டும். இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டு துளைகளிலும் மர ஸ்க்ரூ. உள்ளே கைவிட்டு நட் போடச் சிரமமான இடம் என்பதால் வெளியிலிருந்தே திருகிவிட்டிருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். கட்ஜன்களுக்கு நடுவே 25 செ.மீ. இடைவெளி, சுக்கான் அலகின் மீது தண்ணீர் தள்ளும் மையம் கீழ்க் கட்ஜனுக்கு 30 செ.மீ. கீழே என்று வையுங்கள். தண்ணீர் 20 கிலோ தள்ளினால் கீழ்க் கட்ஜன் தாங்குவது 44 கிலோ. மேல் கட்ஜனை எதிர்ப்பக்கமாக 24 கிலோ இழுக்கும். ஒவ்வொரு அலைக்கும் இது இடமும் வலமுமாக மாறி மாறி நடக்கிறது. பிளைவுட்டைக் கடித்து நிற்கும் ஸ்க்ரூ இதற்கு எத்தனை நாள் தாங்கும்? போல்ட் பலகையை ஊடுருவி, உள்ளே அகல வாஷர் அல்லது தகடு வைத்து, உள்ளே நைலான் வளையம் வைத்த எஸ்.எஸ். நட்டால் இறுக்கப்பட வேண்டும். வேறு வழி கிடையாது.

அடுத்தது சீலன்ட். பூசியிருந்தது குளியலறைக்கு அடிக்கும் சாதாரண சிலிக்கான். ட்யூபைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்குமே, அதுதான். ஆடுகிற பிட்டிங்குக்கு அடியில் அது சீக்கிரமே விளிம்பு விட்டுவிடும். அதைவிடக் கெடுதல், அது இருந்த இடத்தில் பிறகு எபாக்சியோ (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) நல்ல சீலன்ட்டோ ஒட்டாது. பிளேடால் சுரண்டி, சிலிக்கான் ரிமூவர் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, கடைசியில் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்து முத்தாக உருண்டால் இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்த இடத்துக்குப் பாலிசல்ஃபைடு அல்லது பியூட்டைல் டேப் போதும். பிசின் போல் பிடிக்கும் கடும் பாலியூரிதேன் வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது ஜெல்கோட்டையும் (ஃபைபர் உடலின் மேல் பூச்சு) பிய்த்துக்கொண்டு வரும்.

போல்ட் தலையில் எந்த எழுத்தும் இல்லை. 316 வகைக்கு ஏ4, 304க்கு ஏ2 என்று பொறித்திருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி நம்பவைப்பார்கள், நம்பாதீர்கள்: மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. அதைக் காட்டும் சோதனைத் துளி மருந்து இருக்கிறது, எஃகு வியாபாரிகளிடம் கேளுங்கள்.

இரண்டு கட்ஜனும் ஒரே கோட்டிலும் இல்லை. பின்டில் இறங்காததால் மேல் கட்ஜன் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கியிருந்தார்கள். அதனால்தான் சுக்கான் கடகடவென்று ஆடியது. துளை போடும் முன் பின்டில் கனத்தில் ஒரு நேரான கம்பியை இரண்டிலும் சேர்த்துச் செருகிப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. படகு கவிழ்ந்தால் சுக்கான் கழன்று போகாமல் தடுக்கும் ஸ்பிரிங் கிளிப்பையும் திரும்பப் போடவில்லை.

இனி, சரியான வேலை. கழற்றும் முன் படம் எடுத்து, துளைகளின் மையத்துக்கு மையம் அளவு குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்ட தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. ஹாட் ஏர் கன்னால் லேசாகச் சூடாக்கி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ரம்பம் போல் அறுத்தால் வந்துவிடும். துளைக்குள் பிளைவுட்டைக் கூரிய முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அழுகல். கெட்டதைச் சுரண்டி நன்றாகக் காயவிட வேண்டும், ஈரத்தின் மேல் எபாக்சி வீண். பிறகு துளையை 11 மி.மீ. ஆக்கி, முதலில் வெறும் எபாக்சி தடவி, அது இறுகும் முன் சிலிக்கா பொடி கலந்த கெட்டி எபாக்சியால் நிரப்பி, ஒரு நாள் விட்டு 6 மி.மீ. துளை போட வேண்டும். அப்போது தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. வெளி விளிம்பைச் சற்றே சாய்வாகச் செதுக்கினால் சீலன்ட் அங்கே வளையமாகத் தங்கும். சீலன்ட் மெலிதாகப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, அது இறுகிய பின் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைக் கால் சுற்று திருப்புங்கள். எஸ்.எஸ். நட்டுக்கு இம்பாக்ட் டிரைவர் வேண்டாம்; மரை சூடேறிக் கடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பட்டறையில் படகை எடுக்கும்போது டார்ச்சோடு போங்கள். உள்ளே நட் எண்ணுங்கள். பின்பக்கத்தை அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி, ஒவ்வொரு நட்டின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அங்கேயே பிரித்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பணத்தை அதன் பிறகு கொடுங்கள்.