எகிப்திய பாணி பிரெஞ்சுக் கடிகாரம்: நெப்போலியன் காலத்துத் தங்கமுலாமா, 1870-களின் கறுப்புப் பளிங்கா?

பிரெஞ்சு வீடுகளின் கணப்பு மேடைக்கென்று (குளிர்காயும் அடுப்புக்கு மேலிருக்கும் திண்டு) செய்த பழைய கடிகாரங்களில், எகிப்திய பாணி என்றால் இரண்டு வகைதான் முக்கியமாகப் போட்டிக்கு வரும். ஒன்று, நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பு (1798–1801) முடிந்த கையோடு வந்த தங்கமுலாம் பூசிய வெண்கலம். இன்னொன்று 1860, 70-களின் கறுப்புப் பளிங்கு, மேலே மனிதத் தலையும் சிங்க உடம்புமான ஸ்பிங்க்ஸ் படுத்திருக்கும், இரண்டு பக்கமும் துணைக்குத் தனியாக நிற்கும், நுனி கூரான சின்ன ஒபிலிஸ்க் தூண்கள். வாங்கி ஓடவிடுவதற்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

அழகை மட்டும் பார்த்தால் முதல் வகை ஜெயித்துவிடும், சந்தேகமே இல்லை. படையோடு போன ஓவியர் விவான் தெனோன் அங்கே வரைந்த படங்களை 1802-ல் அச்சிட்டு வெளியிட்டார், பாரிஸ் பட்டறைக்காரர்களுக்கு எகிப்து கண்ணெதிரே வந்து நின்றது. தங்கத்தைப் பாதரசத்தோடு கலந்து வெண்கலத்தில் தடவி, சூடேற்றிப் பாதரசத்தை ஆவியாக்கிவிட்டால் தங்கம் மட்டும் ஒட்டி நிற்கும். சில இடத்தை மங்கலாக விட்டு, சில இடத்தை மெருகேற்றியிருப்பார்கள், பின்னால் வந்த மின்முலாமில் அந்த ஆழம் கிடையாது. அந்த ஆவி முலாம் பூசியவர்களின் உடம்பை அழித்தது என்பதும் இதோடு சேர்ந்த கதைதான், எனக்கு அதை மறந்துவிட்டு இந்தத் தங்கத்தைப் பார்க்க முடிவதில்லை. அப்புறம், அதிலிருக்கும் சித்திர எழுத்துகளில் அர்த்தம் தேட வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அவற்றைப் படிக்க வழி கண்டுபிடித்ததே 1822-ல்தான், அதற்கு முன் செதுக்கியவர்களுக்கு அவை வெறும் அலங்காரம்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. அந்தக் காலத்துக் கடிகாரங்களில் பெண்டுலம் பட்டு நூலில் தொங்கும். காற்றில் ஈரம் கூடினாலும் குறைந்தாலும் நூலின் நீளம் கொஞ்சம் மாறும், நேரமும் கூடவே மாறும், மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

1870-களின் கடிகாரத்தில் இந்தத் தொல்லை இல்லை. பாரிஸ் கடிகாரக்காரர் அஷீல் ப்ரோகோ கொண்டுவந்த முறையில் பட்டுக்குப் பதில் மெல்லிய எஃகுப் பட்டை, அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்க 12-க்கு மேலே முகப்பிலேயே ஒரு சின்னத் துளை. சாவியின் சிறிய முனையை விட்டுத் திருப்பினால் போதும், கடிகாரத்தை நகர்த்தவே வேண்டாம். பின்தகட்டில் ஜாப்பி ஃப்ரேர், சாமுவேல் மார்த்தி மாதிரி தயாரிப்பாளர்களின் முத்திரைகள் இருக்கும், இவர்கள் ஏராளமாகச் செய்ததால் பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், மணிக்கும் அரைமணிக்கும் அடிக்கும். ஆனால் பல்சக்கரத்தில் எண்ணி அடிக்கும் பழைய முறை இவற்றிலும் பலவற்றில் உண்டு, முள்ளை அவசரமாகத் திருப்பினால் முள் ஒரு மணி காட்டும், அடிப்பது வேறு மணியாக இருக்கும்.

பளிங்கு என்று சொன்னாலும் அது பெரும்பாலும் பெல்ஜியத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபோது எகிப்து மோகம் மறுபடி ஏறியிருந்தது, அந்தக் காலத்துப் பொருளுக்கு இந்தக் கனமான கோயில்வாசல் வடிவம் பொருத்தமாகவே இருக்கிறது. முதல் வகையின் நளினம் இதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சிற்பமும் சில நேரம் கலப்படம், எகிப்தியத் தலைத்துணி கட்டிய ஸ்பிங்க்ஸுக்குக் கிரேக்கச் சிறகு முளைத்திருக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் கடைகளில் வரும், வெண்கலச் சாயம் பூசிய துத்தநாக வார்ப்பு. விலை குறைவு, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும், ஒட்டுவதும் கஷ்டம். சிலையின் அடியில் கண்ணில் படாத இடத்தில் லேசாகக் கீறச் சொல்லுங்கள். மஞ்சள் தெரிந்தால் வெண்கலம், சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். இதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் பித்தளைப் பாத்திரம் மாதிரி நினைத்துப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அமிலம் பட்டால் அந்தக் கல்லின் மெருகு போய்விடும், தேய்க்கத் தேய்க்க முலாமும் போகும். தூக்கும் முன் பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள், கறுப்புக் கல் கடிகாரத்துக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. தூண்களோடு சேர்த்து விலை சொன்னால் மூன்றின் கல்லும் செதுக்கலும் ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், வேறெங்கோ கிடைத்த ஜோடியைக் கொண்டுவந்து சேர்த்து முழு செட் என்று விற்பதும் உண்டு.