ஃபேஸர் மாட்யூலுடன் நான்கு ஆண்டுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கும் அனலாக் மாடுலர் சிந்தசைசரில் (மாட்யூல் எனும் தனித்தனிப் பகுதிகளை வயர்களால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவி), ஒலிக்கு அலையாடும் தன்மையைத் தரும், ஆறு கட்டங்கள் (அடுத்தடுத்த மின்சுற்றுகள்) கொண்ட ஃபேஸர் மாட்யூல் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தொடக்கத்தில் அதை ஒலிப்பாதையின் கடைசியில் மாட்டி, மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தரும் ஓர் எல்எஃப்ஓவைச் செருகி, ஒரே சீராக ஏறி இறங்கும் அலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விரைவிலேயே சலிப்புத் தட்டி, விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

1974இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்னும் கிதார் பெடலில் இருப்பது வேகத்தை மாற்றும் ஒரே ஒரு குமிழ்தான். அசைவு எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டியே முடிவு செய்துவிடுகிறது. மாட்யூலில் அந்த முடிவு நம் கையில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தால் அந்த அசைவை நடத்த உதவும் கட்டுப்பாட்டு மின்னழுத்த உள்ளீட்டை எல்எஃப்ஓவுக்கு மட்டுமே விட்டுவைப்பது பெரிய இழப்பு என்பதே என் உறுதியான கருத்து.

ஃபேஸரின் ஒவ்வொரு கட்டமும் ஒலியின் அளவைக் குறைக்காமல், அதிர்வெண்ணுக்கு ஏற்ப அதன் கட்டநிலையை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) 180 பாகை வரை நகர்த்துகிறது. அப்படி நகர்ந்த ஒலியை மூல ஒலியோடு கலக்கும்போது, இரண்டும் எதிரெதிராக நிற்கும் இடங்களில் ஒலி அடங்கிப் பள்ளங்கள் விழுகின்றன. ஆறு கட்டங்களுக்கு மூன்று பள்ளங்கள். ஆகவே உள்ளே செல்லும் ஒலியில் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வெண்கள்) நிறைந்திருக்க வேண்டும். மேல்சுரமே இல்லாத சைன் அலையைக் கொடுத்தால் ஒலி கூடிக் குறைவதைத் தவிரப் பெரிதாக எதுவும் கேட்காது. மயிரிழை சுருதி வேறுபாட்டில் ஒலிக்கும், மேல்சுரங்கள் மிகுந்த இரண்டு ரம்பப்பல் அலைகளைக் கொடுத்தால் மூன்று பள்ளங்களும் நகர்வதைத் தனித்தனியே காதால் பின்தொடரலாம்.

எனக்கு இந்த மாட்யூலை உண்மையில் புரியவைத்தது உடுக்கைதான். எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்கு உடுக்கை அடிக்கும் அக்கா மகனை அழைத்து, மைக்கின் சிறிய மின்னழுத்தத்தை முன்பெருக்கியால் மாடுலர் அளவுக்கு உயர்த்தி, ஃபேஸருக்குள் விட்டேன். அடியின் வலிமையை மின்னழுத்தமாக மாற்றும் என்வலப் ஃபாலோயரை ஃபேஸரின் கட்டுப்பாட்டு உள்ளீட்டில் இணைத்தேன். அழுத்தி அடிக்கும்போது பள்ளங்கள் மேலேறின. கயிற்றை இறுக்கி அவன் நாதத்தை வளைத்தபோது, வளையும் நாதமும் கீழிறங்கும் பள்ளங்களும் குறுக்கே கடந்து சென்றன. ஹெட்ஃபோனில் கேட்டவன், "மாமா, குளத்துக்குள்ள வச்சு அடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றான். அவன் கை மெலிந்தால் விளைவும் மெலிந்தது. எந்த எல்எஃப்ஓவும் அதைத் தராது.

குறைகளும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மாடியறை கொதிக்கும்போது, முந்தைய இரவில் வைத்த பள்ளங்கள் மதியம் வேறு இடத்தில் நிற்கின்றன. வெப்பநிலையோடு பண்பு மாறும் மின்னணுப் பாகங்களில் இது இயல்பே. அரை மணி நேரம் முன்னதாகவே மின்சாரம் கொடுத்து வைப்பதும், பதிவுகளை விடியற்காலையில் முடிப்பதும் என் வழக்கமாகிவிட்டன. மின்தடையில் எங்கள் பழைய இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஓர் இரைச்சல் ஏறிக்கொள்வதால், அந்த நேரத்தில் பதிவே செய்வதில்லை. மூன்றாம் ஆண்டில் கலவைக் குமிழ் கரகரத்தது. கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருப்பியதும் சரியாயிற்று.

என் மாட்யூலில் ரிசோனன்ஸை, அதாவது வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பி விளைவைக் கூர்மையாக்கும் அளவை, கையால் மட்டுமே திருப்ப முடியும் என்பது நீண்ட நாள் வருத்தம். இப்போது வெளியீட்டின் ஒரு கிளையை, மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் விசிஏ வழியாக மிக்சருக்குக் கொண்டுவந்து, மூல ஒலியோடு சேர்த்து மீண்டும் உள்ளீட்டுக்கே அனுப்புகிறேன். விசிஏவைச் சற்று அதிகம் திறந்தாலும் ஊளைச் சத்தம் எழுந்துவிடும் என்பதால் ஒலியளவைத் தாழ்த்தி வைத்தே தொடங்க வேண்டும். ஆனால் அந்த ஊளை எழுவதற்குச் சற்று முன்னே, ஒவ்வொரு உடுக்கை அடியின் வாலிலும் ஒரு மெல்லிய ரீங்காரம் ஒட்டிக்கொண்டு வருகிறது.